பதினான்கு வருடம் சுட்டபிறகு பயிற்சியாளரிடம் போகலாமா?

சாட்ஸ்வர்த்காரன் | டர்பன் | ஆகஸ்ட் 23

எல்லோருக்கும் வணக்கம். வயது 47. 14 வருடமாக ஐ.பி.எஸ்.சி. (ஓடி நகர்ந்து, நேரக்கணக்கோடு சுடும் விளையாட்டு) போட்டிகளில் கைத்துப்பாக்கி சுடுகிறேன். புரொடக்‌ஷன் டிவிஷன் (கடையில் கிடைக்கும் துப்பாக்கிகளுக்கான பிரிவு), 9 எம்.எம். மாதம் ஒரு கிளப் மேட்ச், வருடத்துக்கு நாலைந்து பெரிய மேட்ச். மூன்று வருடமாக பி வகுப்பை விட்டு நகரவில்லை. முன்னணிச் சுடுநரோடு ஒப்பிட்ட சதவீதத்தில் 68, 70, 69, மறுபடி 70. ஏ வகுப்புக்கு 75 வேண்டும். அந்த ஐந்து சதவீதம் கைக்கு எட்டுவதாக இல்லை.

செய்யாதது எதுவும் இல்லை. ட்ரிகர் (விசை) மாற்றினேன், சைட் (குறிபார்க்கும் பகுதி) மாற்றினேன், ஹோல்ஸ்டரும் (உறை) பெல்ட்டும் புதிது. போன வருடம் அதற்கு முந்தின வருடத்தைவிட இரண்டாயிரம் தோட்டா கூடுதலாகச் சுட்டேன். எண் அசையவில்லை.

மகள் சனிக்கிழமைகளில் பரதம் கற்கிறாள். அவளுடைய டீச்சருக்கு ஏறக்குறைய என் வயது. இருபது வருடமாக இங்கே சொல்லிக்கொடுக்கிறார். போன வாரம் கட்டணம் கட்டப் போனபோது, டிசம்பரில் வகுப்பு கிடையாது என்றார். சென்னைக்குப் போய்த் தன் குருவிடம் ஒரு மாதம் கற்றுக்கொள்வாராம், வருடம் தவறாமல். "அவங்க பார்க்காம விட்டா என் அரைமண்டி கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறிடும், எனக்கே தெரியாது" என்றார். வீடு வந்து சேரும்வரை அந்த வார்த்தைதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

கேள்விகள் இவை. போட்டி அனுபவம் உள்ளவர்கள் யாராவது காசு கொடுத்துப் பாடம் எடுத்திருக்கிறீர்களா? குழு வகுப்பா, தனி வகுப்பா? எப்படிப்பட்டவரைத் தேட வேண்டும்? இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். எங்கள் கிளப்பில் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம்தான் சந்தேகம் கேட்கிறார்கள். நானே மாணவனாகப் போய் நிற்பது கூச்சமாக இருக்கிறது.


தோட்டாக்கணக்கு | ஆக்டன்வில், பெனோனி | ஆகஸ்ட் 23

தம்பி, அந்தக் காசுக்கு பிரைமரும் பவுடரும் வாங்கித் தோட்டா செய்துகொள்ளுங்கள்.

நான் 31 வருடமாகச் சுடுகிறேன். எங்கள் காலத்தில் பயிற்சியாளர் என்று யாரும் இருந்ததில்லை. 1979-இல் ஐ.பி.எஸ்.சி. உலகப் போட்டி நம் தென்னாப்பிரிக்காவில்தான் நடந்தது. அன்று சுட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத்தான் கற்றார்கள். மேட்ச்தான் வாத்தியார். சித்திரமும் கைப்பழக்கம் என்று சும்மாவா சொன்னார்கள்?

சில வருடம் முன்பு ஒரு இரண்டு நாள் வகுப்புக்குப் போனேன். பன்னிரண்டு பேர். முதல் நாள் பாதி பாதுகாப்பு விதிகளிலேயே போனது. அவை அவசியம்தான், ஆனால் அங்கே வந்தவர்களில் பாதிப் பேர் மேட்சுகளை நடத்தும் ரேஞ்ச் ஆஃபீசர்கள். மீதி நேரம் வரிசையில் நின்று சுட்டோம், எண்ணூறு தோட்டா. என் கையை ஒருவரும் அருகில் வந்து பார்க்கவில்லை. வீட்டுக்கு எடுத்துவந்தது ஒரு சான்றிதழும் வெயிலில் கறுத்த கழுத்தும்தான். யார் நடத்தியது என்று எழுத மாட்டேன். அவர்கள் புதியவர்களுக்கு நன்றாகவே நடத்துகிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.


ஹைவெல்ட் இடி | மிட்ராண்ட் | ஆகஸ்ட் 24

சாட்ஸ்வர்த் அண்ணா, போங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

பெனோனி அண்ணன் சொன்ன கைப்பழக்கத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு. கை நல்லதையும் பழகும், கெட்டதையும் அதே சிரத்தையோடு பழகும். இரண்டாயிரம் தோட்டா கூடுதலாகச் சுட்டும் எண் அசையவில்லை என்றால், இரண்டாயிரம் தடவை பழைய தவறையே உரமிட்டு வளர்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். தன் முதுகு தனக்குத் தெரியாது, அண்ணா. எனக்கும் தெரியவில்லை. இரண்டு வருடம் முன்பு தனி வகுப்பு எடுத்தபோது நடந்ததைக் கணக்கோடு சொல்கிறேன். நான் கணினி வேலைக்காரன், எண் இல்லாமல் எனக்கு எதுவும் விளங்காது.

ஒரு மேட்சில் பல சுற்று உண்டு, ஒவ்வொன்றும் ஒரு ஸ்டேஜ். என் பயிற்சியாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "24 தோட்டா ஸ்டேஜில் உன் நேரம் எங்கே போகிறது?" ஸ்ப்ளிட்டில் என்றேன். ஒரே டார்கெட்டில் முதல் குண்டுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் எனக்கு 0.24 வினாடி ஆகும். முன்னணிச் சுடுநர்களுக்கு 0.20 ஆகும். அதைக் குறைக்க ஒரு வருடம் உழைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் தாளை எடுத்து எழுதினார். பன்னிரண்டு டார்கெட், ஒவ்வொன்றிலும் இரண்டு. ஸ்ப்ளிட் 0.04 குறைந்தால் மொத்தம் 0.48 வினாடி மிச்சம். என் அன்றைய ஸ்டேஜில் 17 ஏ, 6 சி, ஒரு டி. ஏ என்பது டார்கெட்டின் நடுப்பகுதி, சி அதைச் சுற்றி, டி ஓரம். மைனர் (9 எம்.எம். போன்ற சக்தி குறைந்த தோட்டா) கணக்கில் ஏ-க்கு 5, சி-க்கு 3, டி-க்கு 1. அப்படி 85, 18, 1, ஆக 104 புள்ளி. நேரம் 18.2 வினாடி. புள்ளியை நேரத்தால் வகுத்தால் வரும் ஹிட் ஃபேக்டர் 5.71. ஸ்ப்ளிட்டில் அரை வினாடி பிடித்தால் 5.87. நூற்றுக்கு மூன்றுகூட ஏறவில்லை.

பிறகு வீடியோவைப் போட்டார். நான் ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு ஓடுகிறேன். கால் ஊன்றுகிறது. அதற்குப் பிறகுதான் துப்பாக்கி வயிற்றிலிருந்து கண்ணுக்கு ஏறுகிறது. அப்புறம் சைட்டைத் தேடுகிறேன். அந்த ஸ்டேஜில் நான்கு இடம். ஒவ்வொன்றிலும் அரை வினாடி வீண், ஆக இரண்டு வினாடி. அதே 104 புள்ளியை 16.2 வினாடியில் எடுத்தால் 6.42. அதாவது 12 சதவீதம். எல்லா ஸ்டேஜிலும் இப்படி நடந்தால் 70-இல் நிற்பவர் 78-ஐத் தொடுவார். இத்தனைக்கும் ஒரு குண்டுகூட வேகமாகச் சுட வேண்டியதில்லை.

இதை எந்த மேட்ச் முடிவுத்தாளும் எனக்குச் சொன்னதில்லை. தாளில் நேரம் இருக்கும், புள்ளி இருக்கும். நேரம் எங்கே ஒழுகியது என்பது இருக்காது.

அதே கணக்கில் இன்னொன்று. ஹிட் ஃபேக்டர் 5.7 ஓடும் ஸ்டேஜில் ஒரு வினாடியின் விலை 5.7 புள்ளி. ஏ-க்குப் பதில் சி விழுந்தால் இரண்டு புள்ளி நட்டம், கிட்டத்தட்ட 0.35 வினாடி. ஒரு மிஸ் என்றால் வராத 5-ம் தண்டம் 10-ம் சேர்ந்து 15 புள்ளி, 2.6 வினாடி. இதை மனதில் வாங்கியபின் நான் சுடும் விதமே மாறியது. சந்தேகம் வந்தால் இன்னொரு குண்டு போட்டுவிட்டுப் போகிறேன்.


பத்துமீட்டர் | பிரிட்டோரியா | ஆகஸ்ட் 24

நான் வேறு வகை. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் (காற்றழுத்தக் கைத்துப்பாக்கி). எங்கள் உலகத்தில் "அனுபவம் வந்தபிறகு பயிற்சியாளர் எதற்கு" என்ற கேள்வியே எழாது. டார்கெட்டின் நடுவில் உள்ள பத்தாம் வளையம் 11.5 மில்லிமீட்டர்தான், சட்டைப் பொத்தான் அளவு. அதில் என் மனமும் உடம்பும் என்ன செய்கின்றன என்று பக்கத்தில் ஒருவர் பார்த்தால்தான் தெரியும்.

இந்தியாவின் மனு பாக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். உலகக் கோப்பைத் தங்கங்கள் வாங்கியவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் பிஸ்டல் பழுதாகி மனம் உடைந்து திரும்பினார். பழைய பயிற்சியாளர் ஜஸ்பால் ராணாவோடும் அப்போது பிரிவு. பிறகு அவரிடமே திரும்பிப் போனார். பாரிஸ் 2024-இல் இரண்டு வெண்கலம். அந்தப் பெண்ணுக்குப் பிஸ்டல் பிடிக்கத் தெரியாமலா போனார்?

என் பயிற்சியாளர் முதல் நாள் ஒரு மணி நேரம் என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பதாவது குண்டுக்கு மேல் இடது குதிகால் லேசாக எழும்புகிறது, அப்போதிலிருந்து குண்டுகள் வலப்பக்கம் போகின்றன என்றார். ஆறு வருடமாகக் கடைசி இருபது குண்டில் புள்ளி இழப்பது மனக்களைப்பினால் என்று நம்பியிருந்தேன். தியானமெல்லாம் பழகினேன். கடைசியில் பார்த்தால் செருப்பு மாற்ற வேண்டியிருந்தது.


பழைய ரிவால்வர் | பீட்டர்மாரிட்ஸ்பர்க் | ஆகஸ்ட் 25

எனக்கு 63. தம்பிமாரே, கண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. 45 தாண்டியவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.

எனக்குத் துப்பாக்கி நுனியிலுள்ள ஃப்ரண்ட் சைட் பஞ்சுபோல் மங்கிவிட்டது. அதைக் கிரிப் (பிடி) குறை என்று நினைத்து இரண்டு வருடம் கையை வதைத்தேன். ஒரு மணி நேரப் பாடத்துக்குப் போனபோது அந்தப் பெண் பயிற்சியாளர் சுடவே சொல்லவில்லை. "முகத்தை ஏன் மேலே தூக்குகிறீர்கள்?" என்று கேட்டார். இரட்டைப் பார்வைக் கண்ணாடியின் கீழ்த்துண்டு வழியாக சைட்டைப் பார்க்க என் தலை தானாகவே பின்னால் சாய்ந்திருக்கிறது.

வீட்டில் மனைவியை நூல் பிடிக்கச் சொல்லி, கண்ணிலிருந்து ஃப்ரண்ட் சைட் வரை அளந்தேன். 70 சென்டிமீட்டர். துப்பாக்கியைக் கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம், இந்த அளவே போதும். 70 சென்டிமீட்டரில் முழுத் தெளிவு வேண்டுமானால் தூரப் பார்வைக் கண்ணாடிக்கு மேல் ஏறக்குறைய 1.4 டயாப்டர் (கண்ணாடியின் பவர்) கூட்ட வேண்டும். ஆனால் அப்போது டார்கெட் கரைந்துபோகும். நான் பாதியளவு, 0.75 மட்டும் கூட்டி வலது கண்ணுக்கு ஒரு கண்ணாடி செய்துகொண்டேன். சைட்டின் மேல்விளிம்பு வந்தது, டார்கெட்டும் அடையாளம் தெரிகிறது. விலையைப் பார்த்தால் ஒரு ட்ரிகர் கிட்டைவிடக் குறைவு.


நீலக்கடல் | டர்பன் நார்த் | ஆகஸ்ட் 26

எல்லாப் பாடமும் நல்ல பாடம் இல்லை, அண்ணா. அதையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

நான் முதலில் போனவர் மிக நன்றாகச் சுடுபவர். ஆறடி உயரம், பெரிய கை. தான் பிடிப்பதுபோலவே என்னையும் பிடிக்கச் சொன்னார். என் கை சின்னது. அவர் சொன்னபடி பிடித்தால் மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டி) விடுவிக்கும் பொத்தான் கட்டைவிரலுக்கு எட்டாது, விரல் நுனிதான் ட்ரிகரைத் தொடும். மூன்று மாதம் அப்படியே பழகினேன். இருந்ததும் போனது. தவறு என்னுடையதுதான் என்று அழுதிருக்கிறேன். அடுத்தவர் என் உள்ளங்கையை அளந்து பார்த்து, பிடியின் பின்பக்கத்துக்குச் சின்ன பேக்ஸ்ட்ராப் மாட்டினார். ரீலோடுக்கு (மேகசின் மாற்றுவது) துப்பாக்கியைக் கையில் லேசாகத் திருப்பிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார். அரை மணியில் தீர்ந்தது.

அதனால் நான் இப்போது போகும் முன் மூன்றே மூன்று கேட்பேன். என்னைப்போல ஒருவருக்கு, என் டிவிஷனில், நீங்கள் சொல்லிக்கொடுத்து அவர் எங்கிருந்து எங்கே போனார்? முதல் ஒரு மணி நேரம் என்ன செய்வோம்? வகுப்பு முடிந்தபின் வீடியோவில் என்னை மறுபடி பார்ப்பீர்களா? இரண்டாவது கேள்விக்கு "நான் சுட்டுக் காட்டுவேன்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைப் பார்ப்பேன். "நீ சுடு, நான் பார்க்கிறேன்" என்பவரிடம்தான் என் காசு போகும்.

இன்னொன்று. வேறு துப்பாக்கி கைக்குப் பொருந்துமா என்று பார்க்க அன்றே சந்தர்ப்பம் கிடைக்கும். லைசென்ஸ்காரர் பக்கத்தில் நின்று நேரடியாகக் கண்காணித்தால் அவருடைய துப்பாக்கியை நாம் ரேஞ்சில் சுடச் சட்டம் இடம் கொடுக்கிறது, துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. வாங்கிவிட்டு வருந்துவதற்குப் பதில் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.


மேசைமலை | கேப் டவுன் | ஆகஸ்ட் 26

புதியவன் கேட்கிறேன். வகுப்புக்கு ஐந்நூறு தோட்டா கொண்டுவரச் சொல்கிறார்கள். 200-க்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறார்களே?


ஹைவெல்ட் இடி | மிட்ராண்ட் | ஆகஸ்ட் 26

தம்பி, ஒரு துப்பாக்கிக்கு 200 என்பது சாதாரண லைசென்ஸ்காரர்களுக்கு. அங்கீகாரம் பெற்ற சங்கத்தில் சேர்ந்து டெடிகேட்டட் விளையாட்டுச் சுடுநர் தகுதி வாங்கியவர்களுக்கு அந்த வரம்பு பொருந்தாது. அங்கீகரிக்கப்பட்ட ரேஞ்சிலேயே வாங்கி அங்கேயே சுட்டுத் தீர்ப்பதையும் அதில் சேர்க்க மாட்டார்கள். அதே 2000-ஆம் வருடத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 91-ஆம் பிரிவு. உங்களுக்கு அந்தத் தகுதி இல்லையென்றால் ரேஞ்சிலேயே வாங்குகிறேன் என்று பயிற்சியாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதோடு, நல்ல தனி வகுப்புக்கு ஐந்நூறு தேவைப்படாது.


சாட்ஸ்வர்த்காரன் | டர்பன் | செப்டம்பர் 28

நேற்று போய்வந்தேன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி மிட்லண்ட்ஸ் பக்கம் ஒரு பண்ணை ரேஞ்ச். காலை ஆறரைக்கு மூடுபனி. பத்து மீட்டர் தள்ளி நின்ற டார்கெட் தெரியவில்லை. பனி விலகும்வரை வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தோம். நீலக்கடல் தங்கையின் மூன்று கேள்வியையும் போனிலேயே கேட்டிருந்தேன். "நீ சுடு, நான் பார்க்கிறேன்" என்பதைக் கிட்டத்தட்ட அதே வார்த்தையில் சொன்னார். அதனால்தான் அவரிடம் போனேன். பெயர் வேண்டுபவர்கள் தனி மடலில் கேளுங்கள்.

வார்ம்-அப் கிடையாது. "மேட்சில் முதல் ஸ்டேஜுக்கு யாரும் உனக்கு வார்ம்-அப் தருவதில்லை" என்றார். முதல் ஓட்டம் எல் பிரெசிடெண்டே என்ற பயிற்சி. மூன்று டார்கெட், பத்து கஜம், முதுகு காட்டி நின்று திரும்பி இரண்டிரண்டு, ரீலோட், மறுபடி இரண்டிரண்டு. 7.4 வினாடி, 60-க்கு 50 புள்ளி. பிறகு சின்ன ஓட்டம் இரண்டு, நடுத்தர ஸ்டேஜ் ஒன்று. மூன்று கோணத்தில் போன் வைத்திருந்தார். ஒரு மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அந்த மௌனம்தான் பெரிய பயம்.

முதலில் டிரா, அதாவது துப்பாக்கியை உருவுவது. உறையிலிருந்து முதல் குண்டு 1.2 வினாடி. "இது போதும். ஆறு மாதம் இதைத் தொடாதே" என்றார். நண்பர்களே, என் டிரை ஃபயர் (தோட்டா இல்லாமல் பழகும்) நேரத்தில் பாதி டிராவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. வராததைப் பழக எரிச்சலாக இருக்கும் என்று, நன்றாக வருவதையே தினமும் பழகியிருக்கிறேன். நான் கொடுத்த காசுக்கு இந்த ஒரு சொல்லே ஈடாகிவிட்டது. எதைப் பழக வேண்டாம் என்று என்னிடம் இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

கிரிப்பையும் அவர் தொடவில்லை.

அடுத்து, மிட்ராண்ட் தம்பி எழுதிய அதே வியாதி எனக்கும். வீடியோவில் கால் ஊன்றியதிலிருந்து முதல் குண்டு வரை 0.9 வினாடி. கால் நிற்பதற்கு இரண்டு எட்டு முன்பே துப்பாக்கி கண்ணுக்கு வந்திருக்க வேண்டும், முழங்கால் மடங்கியிருக்க வேண்டும் என்றார். துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு முதலில் இருபது தடவை நடந்தேன். அடுத்து இருபது தடவை ஓடினேன். பிறகுதான் தோட்டா. மதியத்துக்குள் 0.55 வந்தது. தொடை இன்றும் வலிக்கிறது.

மூன்றாவது எனக்கு முழுக்கப் புதிது. ஸ்டேஜின் எல்லா ஸ்ப்ளிட்டையும் டைமரிலிருந்து வரிசையாக எழுதிக் காட்டினார். ஐந்து மீட்டரில் 0.23. பதினெட்டு மீட்டரில், பக்கத்தில் நோ-ஷூட் (சுட்டால் தண்டம் விழும் அட்டை) ஒட்டிய டார்கெட்டிலும் 0.24. எல்லாவற்றுக்கும் ஒரே தாளம் போட்டுக்கொண்டிருக்கிறேன். கிட்டே இருப்பதில் நேரம் வீண், தூரத்தில் புள்ளி வீண். மகளின் டீச்சர் ஒரே அடவை ஒன்றாம் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று ஆடவைப்பது நினைவுக்கு வந்தது. எனக்கு ஒரே காலம்தான் தெரிந்திருக்கிறது. சைட் காட்டுவதைப் பார்த்துச் சுட வேண்டும், காதில் ஓடும் தாளத்துக்குச் சுடக் கூடாது என்றார். ஒவ்வொரு குண்டு கிளம்பும் கணத்திலும் சைட் எங்கே இருந்தது என்று கண் பார்த்திருந்தால், டார்கெட்டிடம் போகாமலே ஏ-வா சி-யா என்று வாயால் சொல்லிவிடலாம். முதலில் பத்தில் நான்குதான் சரியாகச் சொன்னேன். மாலைக்குள் பத்தில் ஏழு.

அந்தத் தூரத்து டார்கெட்டில் குண்டுகள் இடப்பக்கம் கீழே விழுவதற்கும் காரணம் கண்டுபிடித்தார். எனக்குத் தெரியாமல் மேகசினில் வெடிக்காத போலித் தோட்டாக்களைக் கலந்துவைத்தார். ஏழு மீட்டரில் போலித் தோட்டா வந்தபோது துப்பாக்கி அசையவில்லை. பதினெட்டு மீட்டரில் முனை பளிச்சென்று கீழே குனிந்தது. அதே துப்பாக்கி, அதே தோட்டா, அதே உதைப்பு. "உனக்கு உதைப்பில் பயமில்லை, நோ-ஷூட்டில்தான் பயம்" என்றார். 14 வருடத்தில் என்னைப் பற்றி ஒருவர் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

மதியம் பண்ணையில் பிராய் (நெருப்பில் இறைச்சி சுடுவது) போட்டார்கள். எனக்குப் புரட்டாசி விரதம், அதனால் வீட்டிலிருந்து கொண்டுபோன ரொட்டியும் சுகர் பீன்ஸ் குழம்பும். அவரும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கடைசியாக, எழுதலாமா வேண்டாமா என்று இரவெல்லாம் யோசித்ததை எழுதுகிறேன். நகர்ந்துகொண்டே ரீலோட் செய்யும் ஓட்டத்தில் அவர் "ஃபிங்கர்!" என்று கத்தினார். நான் நின்றேன். என் விரல் வெளியேதான் இருந்தது என்று சத்தியம் செய்திருப்பேன். வீடியோவில் பார்த்தால், மேகசின் உள்ளே போகும் அந்த நொடியில் விரல் ட்ரிகர் கார்டுக்குள் (விசையைச் சுற்றியுள்ள வளையம்) நுழைகிறது. ஒரு தடவை இல்லை, ஐந்து ஓட்டத்தில் மூன்று தடவை. மேட்சில் பார்த்திருந்தால் அன்றே வெளியேற்றியிருப்பார்கள், அதுதான் நியாயமும். அதைவிட என்னை வாட்டுவது, இந்த ரீலோடைத்தான் நான் புதிய பிள்ளைகளுக்குச் செய்து காட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த மாதக் கூட்டத்தில் அவர்களிடம் இதைச் சொல்லப் போகிறேன்.

முந்நூறு தோட்டா எடுத்துப்போனேன். சுட்டது 214. செலவு மொத்தம் ஆயிரம் தோட்டா விலைக்குச் சற்றுக் குறைவு.


தோட்டாக்கணக்கு | ஆக்டன்வில், பெனோனி | செப்டம்பர் 29

தம்பி, அந்த விரல் விஷயத்தை எழுதியதற்கு நன்றி. நேற்று இரவு நானும் பேரனிடம் போனைக் கொடுத்து, காலித் துப்பாக்கியோடு என் ரீலோடைப் படம் பிடிக்கச் சொன்னேன். என் விரல் வெளியேதான் இருக்கிறது. ஆனால் மேகசினைத் தேடி ஒவ்வொரு தடவையும் தலை குனிந்து பெல்ட்டைப் பார்க்கிறேன். 31 வருடம்.

ஆனாலும் என் சந்தேகம் முழுதும் தீரவில்லை. புது வகுப்புக்குப் போய்வந்த உற்சாகத்தில் யாரும் இரண்டு வாரம் நன்றாகத்தான் சுடுவார்கள். மூன்று மாதம் கழித்து எண்ணோடு வந்து சொல்லுங்கள். அதோடு, தினமும் வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.


சாட்ஸ்வர்த்காரன் | டர்பன் | செப்டம்பர் 30

நியாயமான கேள்வி அண்ணே.

தினம் பதினைந்து நிமிடம், வாரம் ஐந்து நாள். துப்பாக்கியைப் பெட்டகத்திலிருந்து எடுத்ததும் காலி செய்து, கண்ணால் பார்த்து, விரலால் தொட்டுப் பார்க்கிறேன். தோட்டாக்கள் வேறு அறையில், கதவு பூட்டி. எந்தச் சுவரை நோக்கிப் பழகுகிறேனோ அதற்குப் பின்னால் மண் மேடு, அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் கிடையாது. முடிந்ததும் "முடிந்தது" என்று வாய்விட்டுச் சொல்லி நேரே பெட்டகத்தில் வைத்துவிடுவேன். இன்னும் ஒரே ஒரு தடவை என்று மறுபடி எடுக்கும் பழக்கம் ஆபத்தானது. விபத்துகள் அந்த ஒரு தடவையில்தான் நடக்கின்றன.

ஐந்து நிமிடம் கராஜில் இரண்டு நாற்காலிக்கு நடுவே நடந்து போய் நிற்பது, துப்பாக்கி முன்கூட்டியே கண்ணுக்கு வருவது. ஐந்து நிமிடம் ரீலோட், விரலை மட்டும் கவனித்து, மெதுவாக. மீதி ஐந்து நிமிடம் சிறிய டார்கெட்டில் முனை அசையாமல் ட்ரிகர் இழுப்பது. பக்கத்திலேயே ஒரு நோ-ஷூட் ஒட்டிவைத்திருக்கிறேன். டிரா கிடையாது. கை பரபரக்கிறது, ஆனாலும் கிடையாது. ஞாயிறு இரவு ஒரு வீடியோ அனுப்புகிறேன், அவர் இரண்டு வரியில் பதில் எழுதுகிறார்.


பழைய ரிவால்வர் | பீட்டர்மாரிட்ஸ்பர்க் | செப்டம்பர் 30

நோ-ஷூட்டை வீட்டுச் சுவரிலும் ஒட்டியது நல்ல காரியம். பழகப் பழக அதன்மேல் உள்ள பயம் தணியும். கண்ணையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள் தம்பி, 47 அதற்கான வயதுதான்.


சாட்ஸ்வர்த்காரன் | டர்பன் | டிசம்பர் 15

மூன்று மாதம் ஆகப்போகிறது. பெனோனி அண்ணன் எண் கேட்டார்.

அக்டோபர் கிளப் மேட்ச்: 66. ஆம், இறங்கியது. நடப்பதா நிற்பதா என்று ஒவ்வொரு அடியிலும் யோசித்துக்கொண்டே சுட்டேன், இரண்டு மிஸ். அன்று இரவு இங்கே எழுத வந்து, எழுதாமல் போய்விட்டேன். பயிற்சியாளர் அனுப்பிய இரண்டு வரி: "மேட்சில் பழகாதே. மேட்சில் சைட்டை மட்டும் பார்." நவம்பரில் 71. நேற்று, இருபது பேர் சுட்ட மேட்சில் 73.6. ஏ இன்னும் வரவில்லை.

ஆனால் நான் பார்த்தது அந்த எண்ணை மட்டும் இல்லை. நேற்றைய நான்காவது ஸ்டேஜ், 24 தோட்டா, நான்கு இடம். 20 ஏ, 4 சி, மிஸ் இல்லை. 112 புள்ளி, 17.1 வினாடி, ஹிட் ஃபேக்டர் 6.55. நோ-ஷூட் ஒட்டிய இரண்டு டார்கெட்டிலும் நான்கு ஏ. அதில் மூன்றாவது குண்டு கிளம்பும்போதே ஏ என்று தெரிந்தது, திரும்பிப் பார்க்காமல் நகர்ந்தேன். ரேஞ்ச் ஆஃபீசர் புள்ளி வாசித்தபோது எனக்கு அது செய்தியாக இல்லை, நான் பார்த்ததையே அவரும் வாசித்தார். இத்தனை வருடத்தில் இது எனக்கு முதல் தடவை.

கண் பரிசோதனையும் செய்தேன், மாரிட்ஸ்பர்க் ஐயா. 0.50 கூட்டினார்கள்.

கிளப் பிள்ளைகளிடம் விரல் கதையைச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. இப்போது நாங்கள் எல்லோரும் ஒருவர் ரீலோடை மற்றவர் படம் பிடிக்கிறோம்.


தோட்டாக்கணக்கு | ஆக்டன்வில், பெனோனி | டிசம்பர் 15

66-ஐயும் மறைக்காமல் எழுதியதால் 73.6-ஐ நம்புகிறேன். அந்தப் பயிற்சியாளர் எண்ணைத் தனி மடலில் அனுப்புங்கள் தம்பி. 59 வயதுக்காரனை எடுத்துக்கொள்வாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.


நீலக்கடல் | டர்பன் நார்த் | டிசம்பர் 16

அண்ணா, ஜனவரியில் மறுபடி போவதாக இருந்தால் நானும் வருகிறேன். ஒருவர் சுடும்போது மற்றவர் பார்க்கலாம், செலவும் பாதியாகும். தைப்பூச விரதத்துக்கு முன்னால் என்றால் எனக்கு வசதி.


சாட்ஸ்வர்த்காரன் | டர்பன் | டிசம்பர் 16

பெனோனி அண்ணே, கேட்டேன். "வரச் சொல், பெல்ட்டைப் பார்க்கும் தலையை நிமிர்த்திவிடலாம்" என்றார். எண் அனுப்பிவிட்டேன்.

தங்கச்சி, ஜனவரி இரண்டாவது சனிக்கிழமைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், விரதத்துக்கு முன்னால்தான். காலை ஐந்தேகாலுக்கு மரியன்ஹில் சுங்கச்சாவடி தாண்டியதும் இடப்பக்கம் நிற்கிறேன், அங்கிருந்து சேர்ந்து போவோம். ஆளுக்கு 250 தோட்டா போதும். பனி இருக்கும், கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.